மோட்டார் சைக்கிளுக்கு வைத்த எண்ணெய்

ஒவ்வொரு தீபாவளிக்கும் என் தலைக்கு நானேதான் எண்ணெய் வைத்துக்கொள்கிறேன். பெண்டாட்டி இல்லாதவன் அல்ல நான். அவள் அடுப்படியில்தான் இருப்பாள். நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் ஓமமும் போட்டுக் காய்ச்சி, கிண்ணத்தில் ஊற்றி, பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பிள்ளைகளுக்கு வைப்பாள், மருமகளுக்கு வைப்பாள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக்கூடக் கூப்பிட்டு வைப்பாள். எனக்கு மட்டும் கிண்ணம்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. இதற்கெல்லாம் காரணம் ஒரு மோட்டார் சைக்கிள் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

முதல் ஜெர்மன் சண்டைக்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்த கதை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பஞ்சு பேக்டரியில் நான் பிட்டராக இருந்தேன். என்ஜின் சத்தத்தை வைத்தே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திறமை எனக்கு இருந்தது உண்மை. இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததும் உண்மை. மேஸ்திரிக்கும் எனக்கும் ஆகாது. நாலு பேர் முன்னால் அவர் என்னை "எண்ணெய்த் துணி" என்பார். எப்போதடா இவர் முகத்தில் விழிக்காமல் இருப்போம் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ராஜபாளையத்துப் பெரிய நிலக்காரர் வீட்டுப் பிள்ளை ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன வண்டி. அந்த வீட்டில் அவர்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள், எங்களிடம் தமிழ். பிள்ளையை ஊரில் சின்னவர் என்பார்கள், அவருடைய தாயாரைப் பெரியம்மா என்பார்கள். நானும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

வண்டி வந்த புதிதில் அதைத் தள்ளிக்கொண்டு ஓடி, புகை கிளம்பியதும் தாவி ஏற வேண்டும். ஏறினால் படபடவென்று வெடித்துக்கொண்டு போகும். அதனால் ஊரில் அதற்கு வெடிவண்டி என்று பேர். மாடு மிரளும், வண்டிக்காரன் ஏசுவான். பாதி நாள் வழியில் நின்றுவிடும். பிறகு மாட்டைக் கட்டித்தான் இழுத்துவர வேண்டும். ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் வந்து நின்றுவிட்டது. நான் பார்த்துக் கொடுத்தேன். ஊசி நுழையும் ஓட்டை ஒன்றில் தூசி அடைத்திருந்தது, அவ்வளவுதான். சின்னவர் அங்கேயே, "பேக்டரிய விட்டுட்டு என்கூட வந்துருதீரா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே மேஸ்திரியிடம் போய் நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு, பெண்டாட்டியையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் வந்து சேர்ந்தேன்.

பெரிய வீட்டுக்குப் பின்னால் வண்டிக் கொட்டகை. அதை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை. என் பெண்டாட்டிக்கு ஊர் தேவதானம். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இன்னும் இல்லை. கொட்டகை அறையில் ஒண்டியாக உட்கார்ந்திருக்க மாட்டாமல் பெரியம்மாவுக்கு ஒத்தாசையாக உள்ளே போய்வர ஆரம்பித்தாள். சீயக்காய் இடிப்பாள், நெல் காயப்போடுவாள், பித்தளைப் பாத்திரங்களைப் புளிபோட்டுத் துலக்குவாள். பெரியம்மாவுக்கு அவள்மேல் பிரியம்.

நான் எப்படி என்றால், தொழிலை யாரிடமும் சொல்லமாட்டேன். சொன்னால் சோறு போய்விடும் என்று நினைக்கிற ஆள். ஒரு திருகை ஏன் இடது பக்கம் திருப்புகிறாய் என்று யாராவது கேட்டால் அவனை முறைத்துப் பார்ப்பேன். பெண்டாட்டி கேட்டால் முறைப்பதோடு நிற்காது.

புரட்டாசிக் கடைசியில் சின்னவர் கூப்பிட்டு அனுப்பினார். மழைக் காலத்தைச் சென்னப்பட்டணத்தில் கழிக்கப் போகிறாராம். மதுரையில் அவருக்கு ஒரு சினேகிதர். இரண்டு பேரும் சேர்ந்து மதுரையில் மோட்டார் பஸ் ஓட்டப் போகிறார்கள். "தை மாசம் அவரோட வாரேன். நீரு இந்த வண்டிய எப்படி வச்சிருக்கீருன்னு அவரு பாக்கட்டும். பாத்துப் பிடிச்சுப் போச்சுன்னா பஸ் உம்ம கையிலதான்" என்றார்.

பஸ். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டைக் கட்டி இழுக்காத, இருபது பேர் உட்காரக்கூடிய வண்டியை மதுரை வீதியில் ஓட்டிக்கொண்டு போகிறவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் மேஸ்திரி ஒரு நாள் அதில் ஏறுவார். அவரிடம் சீட்டு கேட்பேன். இதையெல்லாம் பெண்டாட்டியிடமும் சொன்னேன். அவள், "அங்க நல்ல தண்ணி கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டாள். ஆசை அவளுக்கும் இருந்தது. மதுரையில் தனி வீடு, தனி அடுப்பு, யார் வீட்டுக் கொட்டகையும் இல்லை என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சரஸ்வதி பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்ட வண்டியை மறுவாரம் அடைத்து வைக்க ஆரம்பித்தோம். அந்த வண்டியோடு சீமையிலிருந்து வந்த ஒரு புத்தகம் இருந்தது. குளிர்காலத்துக்கு வண்டியைப் பூட்டி வைப்பது எப்படி என்று அதில் இரண்டு பக்கம். சின்னவர் இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னார். பனி விழும், பாதை மூடும், நாலு மாதம் வண்டியை வெளியே எடுக்க முடியாது என்று அதில் இருந்தது.

"நம்ம ஊர்ல ஏதுய்யா குளிர்காலம்? மார்கழில ரெண்டு நாள் இழுத்துப் போத்திக்கிடுதோம், அம்புட்டுதான்" என்று அவர் சிரித்தார்.

"ஐப்பசி மழையத்தான் நமக்குப் பனின்னு வச்சுக்கிடணும் ஐயா" என்றேன். அது சரிதான். இங்கேயிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏழு மைல். இடையில் ஓடைகளுக்குப் பாலம் கிடையாது. ஐப்பசியில் மலையில் மழை பிடித்தால் ஓடையில் மாட்டுவண்டியே இறங்காது. அதோடு இந்த ஈரக்காற்று இரும்பைத் தின்றுவிடும்.

புத்தகம் சொன்னபடியே செய்தேன். பெட்ரோலைச் சொட்டு விடாமல் தகர டின்னில் வடித்தேன். தோல் பெல்ட்டைக் கழற்றித் துடைத்து உத்தரத்தில் தொங்கவிட்டேன். இரண்டு சக்கரமும் தரையில் படாதபடி மரக்கட்டைமேல் வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் சிலிண்டருக்குள் மெஷின் எண்ணெயை ஊற்றி, என்ஜினைக் கையால் பத்துத் தடவை சுற்றினேன். மினுங்குகிற இரும்பிலெல்லாம் மாட்டுக் கொழுப்பைத் தடவச் சொல்லியிருந்தது புத்தகம். பெருமாளுக்குத் தளிகை செய்கிற வீட்டில் அதைப் பேச்சுக்குக்கூட எடுக்க முடியுமா? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். விளக்கெண்ணெயைக் காய்ச்சி அதில் தேன்மெழுகைக் கரைத்து, ஆறவிட்டு, களிம்பாக எடுத்துக்கொண்டேன். ஆரக்கால், கைப்பிடி, சிலிண்டர், மட்கார்டு என்று ஓர் இடம் விடாமல் பூசினேன். நல்ல களிம்பு அது. இன்றைக்கும் சொல்வேன், அதைவிட நல்ல களிம்பு சீமையிலும் இருந்திருக்காது.

என் பெண்டாட்டி கொட்டகை வாசலில் அரிசி புடைக்கிற சுளகோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளக்கெண்ணெய இதுக்குப் போயி வைக்கீகளே, எதுக்கு?" என்றாள்.

"ஒனக்கு எதுக்குட்டி அது?"

"கேட்டேன். எத்தன நாளைக்கு இது எண்ணெயோட நிக்கும்?"

"நிக்கும். தைவரைக்கும் நிக்கும். ஒரு கை இதுல பட்டுது, கைய ஒடிச்சிருவேன்."

"நா எதுக்குத் தொடப்போறேன்? எதுக்குன்னுதான் கேட்டேன்."

"கேக்காத."

காற்றும் ஈரமும் படாமல் எண்ணெய் இரும்பைக் காக்கும் என்று சொல்ல எனக்கு எத்தனை வார்த்தை வேண்டும்? ஐந்தோ ஆறோ. அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் என் கிரீடம் ஒன்றும் இறங்கியிருக்காது. சொல்லவில்லை.

புத்தகத்தை மீறி நான் செய்த காரியம் ஒன்று உண்டு. எண்ணெய் ஊற்றிய பிறகு பிளக்கை மறுபடி இறுக்கி மாட்டச் சொல்லியிருந்தது. வெள்ளைப் பீங்கான் கழுத்தும் பித்தளைத் தலையுமாக இருக்கும் சின்னச் சாமான் அது. அதில்தான் பொறி தட்டும். பார்க்க அழகாக இருக்கும். அதை நான் மாட்டவில்லை. ஓட்டையில் எண்ணெய்த் துணியைத் திருகி அடைத்துவிட்டு, பிளக்கைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பழைய கூட்டாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் ஆசை.

சின்னவர் பட்டணம் போனார். நான் வண்டியைச் சாக்கால் மூடி, கயிறு கட்டி, கொட்டகையைப் பூட்டினேன். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது பேக்டரியிலிருந்து ஆள் வந்தது. என்ஜின் ஓடாமல் நின்றுவிட்டதாம், மேஸ்திரிக்குப் பிடிபடவில்லையாம். எனக்கு வேண்டியதும் அதுதானே? கொட்டகை ஒழுகினால் பார்க்கட்டும் என்று சாவியைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு, பிளக்கை மடியில் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரே நாளில் என்ஜினை ஓட்டிவிட்டேன். பிறகு மூன்று நாள் நான் பேசிய பேச்சுக்கு அளவே கிடையாது. பிளக்கை எல்லார் கையிலும் கொடுத்து வாங்கினேன். மேஸ்திரி அதை வாங்கிப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்; அதில் எனக்கு ஒரு திருப்தி. அதற்குள் மழை பிடித்துவிட்டது. ஓடையில் வெள்ளம். தீபாவளி அன்றைக்கும் கரையைத் தாண்ட முடியவில்லை. பேக்டரியிலேயே எவனோ கொடுத்த எண்ணெயை வைத்துக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

தீபாவளிக்கு மூன்றாம் நாள் மத்தியானம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ராஜபாளையம் வந்து சேர்ந்தேன். காலில் கல் கிழித்திருந்தது. உடம்பெல்லாம் நடுக்கம். அவள் துண்டைக் கொடுத்துவிட்டு, "வண்டி விசயமா ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"வந்ததும் வராததுமா வண்டியாட்டி? மொதல்ல வெந்நி வை. வண்டியப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் வெந்நீர் வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலமும் ஒரு தடவை வாயெடுத்தாள். நான் காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். "இன்னும் என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள்.

மறுநாள் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். சாக்கு மூடியபடியே இருந்தது. கயிற்றின் முடிச்சு மட்டும் நான் போட்ட முடிச்சாக இல்லை. மாட்டுக்குப் போடுகிற முடிச்சு. அதையும் பார்த்தேன். காற்றில் அவிழ்ந்திருக்கும், வண்டிக்காரன் கட்டியிருப்பான் என்று விட்டுவிட்டேன். என் களிம்பு இருக்கும்போது எனக்கு என்ன பயம்? கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் சாக்கை விலக்கிப் பார்க்கவில்லை. கடைத்தெருவில் உட்கார்ந்து மதுரை பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பிளக் மடியிலேயே இருந்தது.

தை பிறந்து பத்து நாளில் சின்னவர் வந்தார். கூடவே மதுரைக்காரர், கறுத்த கோட்டும் கண்ணாடியும் போட்ட அமைதியான மனிதர். கொட்டகை வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பெரியம்மா பின்கட்டு நிலைப்படியில் வந்து நின்றார். மூடியிருந்த சாக்கை நான் ஒரு தோரணையோடு இழுத்தேன்.

முதலில் என் கண்ணில் பட்டது கைப்பிடிக்கு நடுவில் இருந்த குங்குமப் பொட்டு. சுற்றிலும் மஞ்சள் பூசிய தடம். அதற்குக் கீழே எல்லாம் துரு. ஆரக்கால்கள் செங்கல் நிறத்தில் இருந்தன. மட்கார்டில் கை வைத்தால் பொடியாக உதிர்ந்தது. என் களிம்பு எங்கேயும் இல்லை. ஒரு சொட்டு இல்லை. என்ஜினைக் கையால் சுற்றப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தம் கட்டிச் சுற்றினேன். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் அடைத்திருந்த துணியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு புதுத் துணி, வெள்ளையாக, அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. சிலிண்டரின் மடிப்புகளுக்குள் பழுப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். சீயக்காய்.

அந்த வாசனை வந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தீபாவளி. எண்ணெய் வைத்திருந்த வண்டியைச் சீயக்காய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். காதில் வைத்த பஞ்சை எடுக்கிற மாதிரி அந்தத் துணியை எடுத்திருக்கிறார்கள். ஓட்டை வழியாக வெந்நீர் உள்ளே போய் இரண்டரை மாதம் அங்கேயே கிடந்திருக்கிறது. பிறகு ஈரத்தோடு சாக்கைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அந்த ஓட்டையில் பிளக் இருந்திருந்தால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போயிருக்காது. வெளித்துருவை இரண்டு நாளில் தேய்த்து எடுத்திருப்பேன். வண்டி ஓடியிருக்கும். இது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். பிளக் என் மடியில், வயிற்றில் குத்திக்கொண்டு இருந்தது.

"ஏட்டி!" என்று கத்தினேன். அவள் மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"நீயா செஞ்ச?"

அவள் வண்டியைப் பார்த்தாள். பிறகு நிலைப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அங்கே பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆமா" என்றாள்.

"பாத்துக்கிடுங்க ஐயா, இந்தக் கழுத செஞ்ச வேல. எம்மேல தப்பு இல்ல" என்று சின்னவரிடம் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தவில்லை. கையை ஓங்கினேன் என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போகலாம். ஓங்கவில்லை, அடித்தேன். பதினைந்து பேர் பார்க்க, கன்னத்தில். அவள் கையிலிருந்த மாவு அவள் முகத்திலேயே ஒட்டிக்கொண்டது. அவள் அழவில்லை. நிலைப்படியில் யாரும் இல்லை. பெரியம்மா உள்ளே போய்விட்டார்.

மதுரைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்: "அந்த எண்ணெய் எதுக்குன்னு இவங்கட்ட நீரு சொல்லி வைக்கலையா?"

நான் குனிந்து சாக்கைச் சுருட்டினேன். இரண்டு பேரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். மறுவாரம் பஸ்ஸுக்கு மதுரையிலேயே ஓர் ஆள் பார்த்தாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். சின்னவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கும் திருப்பிச் சொல்ல நாலு வார்த்தை இருந்திருக்கும்.

மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர். மறுபடியும் அதே பேக்டரி, அதே மேஸ்திரி. பிட்டராக அல்ல, எண்ணெய் போடுகிறவனாக. "வாரும்யா, பஸ் டிரைவர்" என்றார் மேஸ்திரி. அவர் சாகிறவரைக்கும் எனக்கு அதுதான் பேர்.

அடுத்த தீபாவளிக்கு விடிந்ததும் பலகையில் உட்கார்ந்தேன். அவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். முந்தைய வருஷங்களில் அவள்தான் உச்சியில் மூன்று சொட்டு வைத்துத் தேய்ப்பாள். கை வலிக்கும்வரைக்கும் தேய்ப்பாள். "வை" என்று தலையைக் குனிந்தேன்.

"நீங்களே வச்சுக்கோங்க. எண்ணெய் எதுக்கு வைக்காகன்னு எனக்குத் தெரியாது" என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அடுப்பில் பணியாரம் வேகிறது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். எனக்குத்தான் மூக்கு மேல் கோபம் வந்தது. வைக்காவிட்டால் போ என்று நானே தேய்த்துக்கொண்டேன். ஒரு வருஷம், இரண்டு வருஷம், தானாக வழிக்கு வருவாள் என்று நினைத்தேன். மற்றபடி அவள் எனக்கு எதிலும் குறை வைக்கவில்லை. சோறு போட்டாள், பிள்ளை பெற்றாள், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அது ஒன்றுதான் இல்லை.

ஒன்பது வருஷம் கழித்து, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், பெரியம்மாவை ஆண்டாள் கோயிலில் பார்த்தேன். தேரை ஓலை போட்டு மூடியிருந்தார்கள். அதைத் தாண்டி மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார், நன்றாகக் கிழடுதட்டியிருந்தது. "ஏலே, வெடிவண்டி பிட்டருதான நீ?" என்று கூப்பிட்டார். கும்பிட்டேன். என் பெண்டாட்டியை விசாரித்தார். பிறகு அவராகவே சிரித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"அந்த வண்டிக்குத் தலண்டு போட்டோமே, ஞாபகம் இருக்கா?" எண்ணெய்க் குளியலுக்கு அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். "எம் பிள்ள பட்டணத்துல கெடந்தான். தீபாவளிக்கு அவன் தலைல ஒரு சொட்டு எண்ணெய் வைக்க எனக்குக் குடுத்து வைக்கல. கொட்டாயில எட்டிப் பாத்தா அவன் வண்டி எண்ணெயோட நிக்குது. தீபாவளியும் அதுவுமா எண்ணெயோட ஒண்ணு நம்ம வீட்டுல குளிக்காம நிக்கலாமா? ஆகவே ஆகாது. ஒம் பொண்டாட்டிய வெந்நி எடுத்துட்டு வரச் சொன்னேன். அவ மாட்டேன்னுட்டா. 'அவிய தொடக் கூடாதுன்னு சொல்லிருக்காக, வேணாம்மா'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டா. ஒரு பாட்டம் அழுதா. நாந்தான் சாவிய வாங்கித் தொறந்தேன். பாவம், நா சொன்னா அவ என்ன செய்வா?"

"அன்னைக்கு நீங்க அங்கதான நின்னீக?" என்றேன்.

"நின்னேன். நா வாயத் தொறந்திருந்தா எம் பிள்ள எம்மேல கோவிச்சுக்கிட்டிருப்பான். அவளுக்கென்ன, புருசன் அடிச்ச அடிதான, ஆறிரும்னு உள்ள போயிட்டேன்." சொல்லிவிட்டு என் கையில் ஒரு கொட்டைப் பாக்கை வைத்தார். அந்த அம்மாள்மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நான் என் தப்பை மடியில் மறைத்தேன், அவர் தம் தப்பை நிலைப்படியில் மறைத்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளை நடுவில் நிறுத்தினோம்.

தீபாவளி அன்றைக்குப் பலகையில் உட்கார்ந்தேன். கிண்ணம் வந்தது. இந்தத் தடவை அவள் உள்ளே போவதற்குள், "பெரியம்மாதான் செய்யச் சொன்னாகளாமே" என்றேன்.

நின்றாள். "அதுக்கு இப்ப என்ன?"

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ சொல்ல வந்தேன்." கிண்ணத்தைப் பலகைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். "அன்னைக்கு நீங்க என்ன கேட்டீக? நீயா செஞ்சன்னு கேட்டீக. நாந்தான செஞ்சேன். ஏன் செஞ்சன்னு கேக்கலையே."

சீயக்காயை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். பிளக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். வண்டி கெட்டது உன்னால் அல்லடி, அந்த ஓட்டையைத் திறந்து வைத்தது நான், அது தெரிந்துதான் உன்னை அடித்தேன் என்று. பஸ் போனது என்னால், உன் மதுரை வீடு போனது என்னால். எழுந்து அடுப்படி வாசல்வரைக்கும் போனேன். அவள் பெரிய மகளை உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சிரித்தது. நான் திரும்பி வந்து என் தலைக்கு நானே வைத்துக்கொண்டேன்.

அந்தப் பிளக் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பித்தளைத் தலை கறுத்துவிட்டது; பீங்கான் அப்படியே இருக்கிறது. பெட்டியைத் துடைக்கும்போது அவள் அதை எடுத்துப் பார்த்து, துடைத்து, இருந்த இடத்திலேயே வைப்பாள். இது என்ன என்று கேட்க மாட்டாள். கேட்காதே என்று நான்தானே சொன்னேன்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதினேன்.